திரைக்குப் பின்னால் இரண்டு ஜோடி

பிரபாவின் கடைக்கு வருகிறவர்கள் திரைச்சீலைத் துணியைத் தொட்டுப் பார்ப்பார்கள். கசக்கிப் பார்ப்பார்கள். சிலர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். போன வருடம் ஆடித் தள்ளுபடி சமயத்தில் வந்த ஒருவன் மட்டும், தொங்கிக்கொண்டிருந்த துணிகளுக்கு முன்னால் நின்று கை தட்டினான்.

ஒரு தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்டான். இரண்டடி நகர்ந்து இன்னொரு தட்டு.

உள்ளே தைத்துக்கொண்டிருந்த பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"சார், யாரைக் கூப்பிடறீங்க?" என்று கேட்டாள் பிரபா.

"யாரையும் இல்லைங்க. இதுல எது கனமான துணி?"

"என்ன கலர்ல வேணும்?"

"கலர் எதுவா இருந்தாலும் பரவால்ல. கனம்தான் முக்கியம். எங்க ஹால்ல எதிரொலி ஜாஸ்தி. பாட்டு போட்டா சுவரெல்லாம் சேர்ந்து பாடுது. சத்தத்தைத் தின்னுற துணியா பார்த்துக் கொடுங்க."

பொம்மனஹள்ளியில் திரைச்சீலையும் மெத்தை உறையும் தைத்து விற்கிற பிரபாவிடம், நிறம் முக்கியமில்லை என்று சொன்ன முதல் ஆள் அவன். கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது ஆச்சரியம். ஹோட்டல்காரர்களுக்காக வரவழைத்திருந்த மெரூன் வெல்வெட்டை எடுத்துப் போட்டாள். "இது எதையும் விழுங்கும் சார். லாரி ஹாரனே உள்ளே வராது."

அவன் பெயர் ரகு. தொம்மலூரில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தான். சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் சரியாக இருக்கிறது என்று கொடுப்பதில் எங்கே தப்பு என்று தேடுகிற வேலை. திரை மாட்டிய பிறகு எதிரொலி குறைந்துவிட்டதைச் சொல்ல ஒரு முறை வந்தான். அதற்குப் பிறகு மெத்தை உறைக்கு வந்தான். அதற்கும் பிறகு வருவதற்குக் காரணம் சொல்வதை நிறுத்திவிட்டான். இந்த வருடம் ஜூன் மாதம் மழைக்குக் கடை வாசலில் ஒதுங்கி நின்றபோது, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டான்.

பிரபா வாசலில் கிடந்த மிதியடியை நனையாமல் உள்ளே இழுத்துப் போட்டாள்.

"முதல்ல ஒரு பொருள் சேர்ந்து வாங்கிப் பார்ப்போம். அதுக்கப்புறம் சொல்றேன்" என்றாள்.

இதைக் கேட்ட அவள் அம்மா சொர்ணம் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "ஊர்ல கல்யாணத்துக்கு முன்னாடி ஜாதகம் பார்ப்பாங்க. நீ என்னடி சாமான் வாங்கிப் பார்க்கறே?"

"ஜாதகம் போன தடவை பார்த்தாச்சேம்மா. எட்டுப் பொருத்தம் இருந்துச்சு."

சொர்ணம் முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

போன தடவை என்பது பிரபாவின் முதல் கல்யாணம். யாரும் அடிக்கவில்லை, கத்தவில்லை. எல்லோரும் சிரித்த முகம்தான். அந்த வீட்டில் ஹாலுக்கென்று அவள் ஒரு மஞ்சள் விளக்குக் கூடு தைத்து மாட்டினாள். மறுநாள் அது பரணில் இருந்தது. கேட்டதற்கு, "அது சரியா வரலைம்மா" என்று கணவனும் மாமியாரும் ஒரே குரலில் சிரித்தார்கள். அதன் பிறகு அவள் தைத்த எதுவும் அந்த வீட்டில் சரியாக வரவில்லை. ஊருக்கெல்லாம் திரை தைக்கிறவள், தான் தூங்குகிற அறைக்கு ஒரு கொக்கியைக்கூடத் தேர்ந்தெடுக்காமல் வாழ்ந்துவிட்டு வெளியே வந்தாள். ரகு நல்லவன் என்று அவளுக்குத் தெரியும். அவர்களும் நல்லவர்கள்தான். அவன் வீட்டில் தன் கண்ணுக்கும் ஒரு மதிப்பு இருக்குமா என்பதுதான் தெரியவில்லை. அது தெரியாமல் சரி என்று சொல்ல அவளால் முடியாது.

என்ன பொருள் வாங்குவது என்பதை மழைக்காலமே முடிவு செய்தது. ரகுவின் பழைய ஸ்பீக்கர்களில் ஒன்று ஈரத்தில் ஊறி, பாடகர்கள் எல்லோருக்கும் ஜலதோஷம் பிடித்த மாதிரி பேச ஆரம்பித்திருந்தது.

ஸ்பீக்கர் கடை ஜெயநகரில். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முதலாளி சீனிவாசராகவன் நெற்றியில் ஒற்றைக் கோடும் காலில் சாக்ஸுமாக, கோயில் பிரகாரத்தில் நடப்பது போல மெதுவாக நடந்து வந்தார்.

"உங்க ஹால் அளவுக்கு ரெண்டு ஜோடி பொருத்தமா இருக்கும். பாருங்கோ" என்று கை காட்டினார்.

முதல் ஜோடி பிரபாவின் மார்பளவு உயரம். மெலிந்த உடம்பு. ரோஸ்வுட் பலகையில் ரேகைகள் மேலிருந்து கீழே தண்ணீர் போல ஓடின. முன்பக்கம் கோதுமை நிறத் துணி. பிரபாவின் கை தானாகப் போய் அதைத் தடவியது. ஓரங்களில் ஒரு மூட்டுகூடத் தெரியவில்லை. செய்தவன் கை வாழ்க என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது ஜோடி சாம்பல் பூசிய சதுரப் பெட்டிகள். இரும்பு முக்காலியில் உட்கார்ந்திருந்தன. முன்பக்கம் மூடியே இல்லை. நடுவில் ஒரு மஞ்சள் வட்டம் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"இது என்ன, கண்ணு வலி வந்த மாதிரி?" என்றாள் பிரபா.

"இதைத்தான் நான் ரெண்டு வருஷமா நெட்ல படிச்சுட்டிருக்கேன்" என்றான் ரகு. அவன் குரலில் பக்தி இருந்தது.

சீனிவாசராகவன் இருவரையும் பார்த்துப் புன்னகை செய்தார். "எங்க கடைக்கு வர ஜோடி எல்லாமே இப்படித்தான். சார் காதால வாங்குவார், மேடம் கண்ணால வாங்குவார். கடைசியில மேடம் சொல்றதுதான் நடக்கும்."

"எனக்கும் காது இருக்கு சார்" என்றாள் பிரபா. "அவருக்கும் கண்ணு இருக்கு. அவர் அந்தப் பெட்டியைப் பார்த்த பார்வையைப் பார்த்தீங்களா? பாட்டு போடறதுக்கு முன்னாடியே கேட்டு முடிச்சுட்டார்."

ரகு யோசித்தான். அவள் சொன்னதில் தப்பு இருக்கிறதா என்று தேடினான், கிடைக்கவில்லை.

"நிஜம்தான். அப்போ கண்ணை ரெண்டு பேருமே விட்டுடலாம். திரை போட்டு மூடிட்டுக் கேட்போம். எதுன்னு தெரியாம யார் எதைச் சொல்றாங்களோ பார்க்கலாம்."

"திரை என்னோட பொறுப்பு" என்றாள் பிரபா.

சீனிவாசராகவனுக்கு இந்த யோசனை பிடித்துவிட்டது. தெரிந்த வாடிக்கையாளர் என்பதால் இரண்டு ஜோடியையும் சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகவும், திங்கட்கிழமை ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். கிளம்பும்போது ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். "சத்தம் கொஞ்சம் கூட இருக்கறதுதான் நன்னா இருக்கற மாதிரி காதுக்குத் தோணும். அதுல ஏமாந்துடாதீங்கோ. நம்ம கடைப் பையன் பிரகாஷ் வந்து வால்யூம் திருகுல ரெண்டு டேப் ஒட்டித் தருவான். ரோஸ்வுட்டுக்கு வெள்ளை, பெட்டிக்குச் சிவப்பு. ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்தும்போது திருகையும் அந்தந்த டேப்புக்குத் திருப்பணும்."

சனிக்கிழமை மதியம் பிரபா தொம்மலூருக்கு வந்தபோது பிரகாஷ் எல்லாவற்றையும் இறக்கி, மாட்டி, டேப் ஒட்டிவிட்டுப் போயிருந்தான். ஜன்னல் கம்பிக்கும் சமையலறைக் கதவுக்கும் நடுவே ரகு நைலான் கயிறு கட்டி வைத்திருந்தான். அவள் பையிலிருந்து திரையை எடுத்து உதறினாள். ஜன்னலில் ஏற்கனவே தொங்கிக்கொண்டிருந்த அதே மெரூன் வெல்வெட். கடையில் மீதமிருந்த துண்டு. தொங்கவிட்டதும் ஹாலின் பாதி காணாமல் போனது. ஒரு மினுக்குக்கூடத் தெரியவில்லை.

"பிரமாதம்" என்றான் ரகு.

கீழ்வீட்டு லட்சுமம்மா ஒரு தட்டில் நிப்பட்டு என்கிற காரத் தட்டையுடன் மேலே வந்தார். வீட்டுச் சொந்தக்காரர், தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒரே மொழி. "ஏன் ரகு, நாடகம் போடறீங்களா? எனக்குச் சொல்பம் இடம் கொடு" என்று சுவரோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்து திரைக்கு முன்னாலும் தெரியும், பின்னாலும் தெரியும்.

"உட்காரலாம். ஆனா பேசக் கூடாது. முகத்தையும் காட்டக் கூடாது" என்றான் ரகு.

"முகத்தை எங்கே வெச்சுக்கறது?"

"அந்தப் பக்கம் திருப்பிக்கோங்க ஆன்ட்டி."

பிரபா சோபாவில் உட்கார்ந்தாள். என்ன பாட்டு போடலாம் என்று ரகு கேட்டான். அவள் யோசித்தாள். பாட்டு எப்படிக் கேட்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? பாடியவரை அவள் நேரில் பார்த்ததில்லை. நன்றாகத் தெரிந்த குரல் ஒன்றுதான் இருந்தது. காலையில் அம்மா வாட்ஸப்பில் அனுப்பிய செய்தியை அவனுக்கு அனுப்பினாள்.

ரகு திரைக்குப் பின்னால் போனான். சொர்ணத்தின் குரல் ஹாலை நிறைத்தது.

"பிரபா, வரும்போது சுண்டைக்காய் வத்தல் வாங்கிட்டு வா. மறந்துட்டேன்னு சொன்னா உள்ளே சேர்க்க மாட்டேன். சொல்லிட்டேன்."

லட்சுமம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

முதல் முறை அம்மா வானொலியில் செய்தி வாசிப்பவள் போல இருந்தாள். குரல் வழுவழுப்பாக, மரியாதையாக வந்தது. இரண்டாவது முறை பிரபா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இது அம்மாவேதான். 'சொல்லிட்டேன்' என்பதற்கு முன்னால் மூச்சை இழுத்தது, அடுப்படியில் நின்றுகொண்டு பேசியது, பாதிக் கோபம், பாதிச் சிரிப்பு. அத்தனையும் இருந்தது.

"ரெண்டாவது" என்றாள்.

ரகு உள்ளே எதையோ மாற்றினான். அம்மா மறுபடி மறுபடி சுண்டைக்காய் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் பிரபாவுக்குச் சந்தேகமே வரவில்லை. "இது இல்லை... இதுதான். இதுதான் எங்கம்மா."

மனதுக்குள் அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. பார்க்க அவ்வளவு அழகாக இருப்பது கேட்கவும் இவ்வளவு உண்மையாக இருக்கிறதே என்று நினைத்தாள். ரோஸ்வுட்டைத்தான் தான் தேர்ந்தெடுத்ததாக அவள் முடிவே செய்துவிட்டாள்.

குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரகு திரையை விலக்கி வெளியே வந்தான். நின்றான். உள்ளே போனான். மறுபடி தலையை மட்டும் நீட்டினான், இழுத்துக்கொண்டான். ஆமை போல இப்படியே கொஞ்ச நேரம். பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டு வந்தான். அவன் நெற்றி சுருங்கியிருந்தது.

"இது செல்லாது."

"எது?"

"இந்த டெஸ்ட். திரைக்குப் பின்னாடி ஒரு மாதிரி கேட்குது, முன்னாடி வேற மாதிரி கேட்குது. துணி சத்தத்தை மாத்துது."

"அப்போ நான் சொன்னது?"

"அதுவும் செல்லாது."

"நான் சொன்னது எந்த ஜோடி?"

"அதை இப்போ சொல்ல முடியாது. சொன்னா அடுத்த தடவை அதை நினைச்சுட்டே கேட்பீங்க."

லட்சுமம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ரகு கையைக் காட்டினான். மூடிக்கொண்டார்.

பிரபாவுக்குப் பரணில் கிடந்த மஞ்சள் விளக்குக் கூடு நினைவுக்கு வந்தது. அவன் சிரிக்கவில்லை, அதுதான் வித்தியாசம். மற்றபடி வார்த்தைகூட ஏறக்குறைய அதேதான். சரியா வரலைம்மா.

"என் துணியிலதான் குத்தமா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றான் ரகு, அவள் எதைக் கேட்கிறாள் என்று தெரியாமல்.

பிரபா கைப்பையை எடுத்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். திரையை அங்கேயே விட்டுவிட்டாள்.

வீட்டில் சொர்ணம் கதவைத் திறந்ததுமே கேட்டாள். "என்னடி வாங்கினீங்க?"

"ஒண்ணும் வாங்கலை. இனிமேலும் வாங்க மாட்டோம்."

"சுண்டைக்காய் வத்தல்?"

"மறந்துட்டேன்."

சொர்ணம் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்கு விடுமுறை. வீட்டுக்குக் கீழேதான் கடை. பிரபா ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே போய் உட்கார்ந்தாள். கோபமாக இருக்க வேண்டும் என்றுதான் போனாள். ஆனால் கோபத்துக்கு நடுவே ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. துணி சத்தத்தை மாற்றுமா? அவன் சாக்குச் சொன்னானா, உண்மையைச் சொன்னானா? துணியைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்று இன்னொருவனுக்குத் தெரிந்திருப்பதை அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"அம்மா, கொஞ்சம் கீழே வா."

"எதுக்குடி?"

"என்னைத் திட்டணும்."

சொர்ணம் இறங்கி வந்தாள். பிரபா அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, ஒரு வெல்வெட் துண்டை முகத்துக்கு முன்னால் பிடித்தாள்.

"திட்டு."

"சும்மா எப்படிடி திட்டறது? ஏதாவது செஞ்சாதானே திட்டு வரும்?"

"நேத்து வத்தல் வாங்கிட்டு வரலைல்ல?"

அது போதுமாக இருந்தது. சொர்ணம் ஆரம்பித்தாள். பிரபா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வெல்வெட்டை எடுத்தாள், வைத்தாள். எடுத்தபோது 'சனியனே' என்று தெளிவாக வந்தது. வைத்தபோது அதே சொல் போர்வைக்குள்ளிருந்து வந்தது போல மழுங்கியது. திட்டின் முனை உடைந்து, வெறும் முணுமுணுப்பு மட்டும் வந்து சேர்ந்தது.

தடித்த ஜன்னல் துணியை எடுத்தாள். லினனை எடுத்தாள். சோபா துணி, பட்டுக் கலப்பு, சாட்டின். சொர்ணத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்டதிலிருந்து வரிசையாக வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு துணியும் அந்தத் திட்டிலிருந்து தனக்கென்று ஒரு பங்கு எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை அனுப்பியது.

பிரபா துணிகளைக் கீழே போட்டுவிட்டுத் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ரகு கை தட்டிக்கொண்டு வந்ததே சத்தத்தைத் தின்னும் துணி கேட்டுத்தான். இது எதையும் விழுங்கும் என்று மெரூன் வெல்வெட்டை விற்றதே அவள்தான். அதே வெல்வெட்டை ஸ்பீக்கருக்கு முன்னால் தொங்கவிட்டு, காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். விற்றவளுக்கும் தோன்றவில்லை, வாங்கியவனுக்கும் தோன்றவில்லை. கண்ணுக்கு ஒன்றும் தெரியக் கூடாது என்பதிலேயே இருவரும் குறியாக இருந்திருக்கிறார்கள்.

அப்படியானால் கண்ணுக்கு மறைத்து, காதுக்கு மறைக்காத துணி ஒன்று உண்டா?

அந்தக் கேள்வி அவளை எழுப்பி நிறுத்தியது. அலமாரியின் அடித்தட்டில், பூவேலை செய்வதற்கு அடித்துணியாக வாங்கிப் போட்ட கறுப்புத் துணி ஒன்று இருந்தது. இழை தளர்வாக நெய்தது. உள்ளங்கைக்கு முன்னால் பிடித்து ஊதினாள். மூச்சு அந்தப் பக்கம் போய்க் கையில் பட்டது. அம்மாவின் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். "உன்னை மாதிரி ஒரு சண்டிக்குதிரையை நான் பார்த்ததே இல்லை" என்பது ஒரு எழுத்தும் குறையாமல் வந்தது. ஆனால் அம்மாவின் மூக்குத்தியும் தெரிந்தது.

பிரபா கடையின் பின்பக்க விளக்கை அணைத்தாள். தன் பக்க விளக்கை மட்டும் எரியவிட்டாள். அம்மா காணாமல் போனாள். திட்டு மட்டும் அப்படியே வந்தது.

"கிடைச்சுடுச்சும்மா!"

"என்ன கிடைச்சது? இன்னும் உன் காலேஜுக்கே நான் வரலைடி" என்றாள் சொர்ணம்.

தொம்மலூர் போகிற பஸ் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் நின்றபோது, பிரபாவின் மடியில் கறுப்புத் துணி இருந்தது. மனதில் பாதிக் கேள்வி மிச்சம் இருந்தது. துணியைப் பற்றி அவன் சொன்னது உண்மை. ஆனால் அதை ஏன் சொன்னான்? தான் ரோஸ்வுட்டைச் சொல்லாமல் அவனுக்குப் பிடித்த பெட்டியைச் சொல்லியிருந்தால் அவனுக்குத் துணியின் குற்றம் கண்ணில் பட்டிருக்குமா? பிடிக்காத முடிவில் மட்டும் தப்புத் தேடுகிறவர்களோடு அவள் ஏற்கனவே வாழ்ந்து பார்த்திருக்கிறாள்.

மாடிப்படியில் லட்சுமம்மா கோலமாவு டப்பாவுடன் எதிர்ப்பட்டார்.

"வந்துட்டியாம்மா? ராத்திரியெல்லாம் எனக்கு மனசே கேட்கலை. நேத்து எதுக்கு அப்படி மூஞ்சியைத் தூக்கிட்டுப் போனே? நீ சொன்னது ரகுவுக்குப் பிடிச்சதைத்தானே!"

"என்ன ஆன்ட்டி சொல்றீங்க?"

"அந்தச் சாம்பல் பெட்டி. ஒவ்வொரு தடவையும் நீ அதைத்தான் இது எங்கம்மான்னு சொன்னே. நான் அங்கேருந்து நோடிட்டுத்தானே இருந்தேன்? எடுத்துக்கோன்னு சொன்னா முடிஞ்சு போச்சு. அதைப் போய்ச் செல்லாதுங்கறான். சுத்த ஹுச்சன், பைத்தியம்!"

லட்சுமம்மா இறங்கிப் போய்விட்டார். பிரபா படியிலேயே உட்கார்ந்தாள்.

அவன் ஜெயித்திருந்தான். இரண்டு வருடமாக ஆசைப்பட்ட பெட்டியை அவளே கை காட்டியிருந்தாள். 'நீங்களே சொன்னீங்க பாருங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளால் மறுத்திருக்க முடியாது. தன் பக்கம் வந்த முடிவில்தான் அவன் தப்புத் தேடியிருக்கிறான். அதுவும் அவள் முகம் மாறுவதைப் பார்த்த பிறகும், எதைத் தேர்ந்தெடுத்தாள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளாமல்.

இப்படியும் ஒருத்தன் இருப்பானா என்று அவளுக்குச் சிரிப்பாக வந்தது.

கதவைத் திறந்த ரகு ராத்திரி சரியாகத் தூங்காதவன் போல இருந்தான். "நேத்து நான்... துணியைத்தான் சொன்னேன். நீங்க ஆசையா கொண்டு வந்தது. எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும்."

"ஊதுங்க" என்று கறுப்புத் துணியை நீட்டினாள்.

ஊதினான். கையை அந்தப் பக்கம் வைத்து மறுபடி ஊதினான். அவன் முகம் விடிந்தது. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எங்கம்மாவைத் திட்ட வெச்சு."

வெல்வெட்டை அவிழ்த்துவிட்டுக் கறுப்புத் துணியைக் கட்டினார்கள். பின்பக்க ஜன்னலைச் சாத்தினார்கள். சோபாப் பக்கம் விளக்கைப் போட்டார்கள். துணிக்குப் பின்னால் எல்லாம் இருட்டில் கரைந்தது. "இன்னிக்கு நீங்க கேளுங்க. நான் உள்ளே போறேன்" என்றாள் பிரபா. படியில் கேட்டதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

ரகு தனக்கு மனப்பாடமான ஒரு கடம் வாசிப்பைப் போடச் சொன்னான். இருட்டில் இரண்டு ஜோடிகளும் அவளுக்கு இரு பக்கமும் நின்றன. பெட்டி, ரோஸ்வுட், மறுபடி பெட்டி என்று பட்டனை அழுத்தி மாற்றிக்கொண்டே இருந்தாள். நகமும் உள்ளங்கையும் மண்ணில் விழுகிற சத்தம் உள்ளே துள்ளியது.

"இது!" என்றது திரைக்கு அப்பாலிருந்து ரகுவின் குரல். "இதுதான். நிச்சயமா. அடி ஒவ்வொண்ணும் தனியா நிக்குது."

ஓடிக்கொண்டிருந்தது ரோஸ்வுட்.

பிரபாவின் கை அந்தப் பலகையின் வழுவழுப்பில் போய் நின்றது. இந்த ஹாலில் இது நிற்கும். ஜன்னலுக்கு ஆலிவ் பச்சையில் புதுத் திரை. எதிரே கோதுமை நிறத்தில் மெத்தை உறை. ஒரு நொடியில் முழு வீட்டையும் தைத்து முடித்துவிட்டாள். அவனே தேர்ந்தெடுத்தது. அவன் காதே சொன்னது. அதற்கு மேல் யார் என்ன கேட்க முடியும்?

பிறகு திருகைப் பார்த்தாள்.

சிவப்பு டேப்பில் நின்றிருந்தது. கடைசி முறை மாற்றும்போது வெள்ளைக்குத் திருப்ப மறந்திருந்தாள். ரோஸ்வுட் தனக்கு உரியதைவிட உரக்கப் பாடிக்கொண்டிருந்தது. சத்தம் கூட இருப்பதுதான் நன்றாக இருப்பது போலத் தோன்றும் என்று கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது.

லட்சுமம்மா கீழே இருந்தார். பார்த்தவர் யாருமில்லை. திருகை இப்போது மெல்லத் திருப்பிவிட்டால் ஈ, எறும்புக்குக்கூடத் தெரியாது.

நேற்று இதே இடத்தில், இதே இரண்டு ஜோடிகளுக்கு நடுவில் அவன் நின்றிருப்பான் என்று தோன்றியது. இவ்வளவு ஆசையோடு நின்றிருப்பான்.

"செல்லாது!" என்று சத்தமாகச் சொன்னாள்.

"என்னது?"

"திருகை மாத்த மறந்துட்டேன். சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சு. நீங்க சொன்னது செல்லாது."

கடம் நின்றது.

"நான் சொன்னது எந்த ஜோடி?" என்று ரகு கேட்டான்.

"சொல்ல மாட்டேன். அடுத்த தடவை அதை நினைச்சுட்டே கேட்பீங்க."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு துணியைத் தாண்டி ஒரு இழைகூடக் குறையாமல் வந்தது. அவன் இருந்த பக்கம் வெளிச்சம். அவள் பக்கமிருந்து அவன் நன்றாகத் தெரிந்தான். சோபாவின் நுனியில், கைகளை முழங்காலில் ஊன்றி, தெரியாத அவளை நோக்கி உட்கார்ந்திருந்தான்.

"ரகு."

"சொல்லுங்க."

"ஜூன் மாசம் மழையில ஒண்ணு கேட்டீங்க இல்ல? அதுக்குப் பதில், சரி."

அவன் எழுந்து நின்றான். பிறகு மெதுவாக, "ஆனா நாம இன்னும் எதுவும் வாங்கலையே? கண்டிஷன் அதுதானே?" என்றான்.

"இதுலயும் தப்புத் தேடறீங்களா?"

"இல்லை, இல்லை, இல்லை!" என்று அலறினான். "செல்லும்! ரொம்பச் செல்லும்! ஆனா ஒரு தடவை திரைக்கு இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க. முன்னாடி எப்படிக் கேட்குதுன்னு பார்க்கணும்."

அவள் வந்து சொன்னாள்.

அதற்குப் பிறகு அன்று மாலைவரை, திருகை மாற்ற மறக்காமல், மாறி மாறிக் கேட்டார்கள். ரகு சாம்பல் பெட்டியைச் சொன்னான். பிரபா தன் அம்மாவைக் கேட்டுவிட்டு அதையேதான் சொன்னாள். இந்த முறை யாரும் செல்லாது என்று சொல்லவில்லை. திரையை எடுத்ததும் இருவருமே சற்று நேரம் ரோஸ்வுட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை பிரகாஷ் வந்து ரோஸ்வுட் ஜோடியை அட்டைப் பெட்டிக்குள் இறக்க ஆரம்பித்தான். ரகு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, அந்த ரேகைகளைக் கடைசியாக ஒரு முறை விரலால் தொட்டான்.

"அழகா இருந்துச்சு, இல்ல?" என்றான்.

"ரொம்ப" என்றாள் பிரபா. கடைக்குப் போகிற வழியில் வந்திருந்தாள். பையில் தளர்வாக நெய்த துணிகளின் மாதிரிகள் இருந்தன.

ரகு சாம்பல் பெட்டிகளைப் பார்த்தான். மஞ்சள் வட்டங்கள் அவனைத் திருப்பிப் பார்த்தன. தலையைச் சாய்த்தான். இந்த முறை கை தட்டவில்லை.

"இதுக்கு ஒரு மரச் சட்டம் செஞ்சு, மேல துணி போட்டா... என்ன கலர் நல்லா இருக்கும்?"

பிரபா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "கலர் எதுவா இருந்தாலும் பரவால்லதானே?"

"அது எதிரொலிக்குச் சொன்னது."

அவள் மாதிரிகளைச் சோபாவில் பரப்பினாள். அவன் ஒவ்வொன்றாக எடுத்து முதலில் ஊதிப் பார்த்தான். பிறகு ஜன்னலருகே கொண்டு போய் வெளிச்சத்தில் பிடித்து, நிறத்தைப் பார்த்தான். மெரூன் வெல்வெட் பக்கத்தில் வைத்து உதட்டைப் பிதுக்கினான்.

"இந்த ஜன்னல் திரையையும் மாத்தணும் போல இருக்கே?"

"ஆலிவ் பச்சை" என்றாள் பிரபா, கேட்கக் காத்திருந்தவள் போல.

"சார்," என்றான் பிரகாஷ், அட்டைப் பெட்டியின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தபடி, "கலர் அப்புறம் பாருங்க. படி குறுகல். வந்து ஒரு கை கொடுங்க."